மெழுகுவர்த்திக்குப் பிறகு ஒன்பதாவது

மெழுகுவர்த்திகளை ஏற்றியாகிவிட்டது. பாட்டு நிற்கவில்லை.

மேடையோர ஒலிபெருக்கியில் எட்டாவது பாட்டு முடிந்து ஒன்பதாவது தொடங்கியது. முதலில் முரசு மட்டும். தும், தும்தும்.

கூடத்தில் இருந்த இருநூறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

வெள்ளிக்கிழமை அந்தியில் முதலில் எங்கள் யூத விளக்குத் திருநாளான ஹனுக்காவின் மெழுகுவர்த்தி, அதன்பின் பெண்கள் ஏற்றும் ஓய்வுநாள் விளக்கு. அதையும் ஏற்றிவிட்டால் மறுநாள் இருட்டும்வரை எங்களில் ஒருவரும் ஒரு பொத்தானைக்கூடத் தொடக் கூடாது. எரிவது எரியும். பாடுவது பாடும்.

“டேய் நிசிம், அணைக்க மறந்துட்டியா?” என்றார் எலியாஸ் துவேக். எங்கள் யூத மன்றத்தின் தலைவர். திரைச்சீலை வியாபாரி.

“மறந்துட்டேண்ணே.”

ஒன்சே பேட்டைத் தெருக்களில் முப்பது வருடமாகத் துணி விற்கிறேன். போன கோடையில் ஒரு அம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போன நீலம்கூட எனக்கு மறக்காது. அது எலியாஸுக்கும் தெரியும்.

வருடா வருடம் ஹனுக்காவின் எட்டு நாளும் இந்தக் கூடத்தில் அதே ஐந்து பாட்டுதான். மெழுகுவர்த்தியே கொட்டாவி விடும். இந்த முறை தினமும் வரிசையாகப் போட எட்டுப் புதுப் பாட்டுகளைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சரக்குத் தேடுவதுபோல் தேடினேன். தகர டின்னைத் தட்டிப் பாடும் யேமன் பாட்டு ஒன்று அகப்பட்டது. கொச்சியை விட்டுப் போன யூதர்கள் கைதட்டிப் பாடிய ஒன்று. புரூக்ளின் கல்யாண வாத்தியக் குழு ஒன்று. பித்தான் கடை மெர்காதோவிடம் இஸ்மீரில் பாடிய பழைய ஸ்பானியப் பாட்டு இருந்தது. முதலில் போட்டால்தான் தருவேன் என்றார். மூன்றாவது இடத்துக்குப் படிய வைக்க இரண்டு காப்பி ஆயிற்று.

எட்டுக்கு மேல் நான் சேர்த்த ஒன்பதாவது, என் மகள் அலெக்ராவுடையது.

பத்தொன்பது வயது. மெட்டு அவளுடையது. அடித்தது இந்த நாட்டு வடக்குக் கிராமங்களின் ஆட்டுத்தோல் முரசு, அதுவும் அவளே. பாடியவர்கள் எங்கள் கடையில் துணி வெட்டும் மூன்று பேர். கிடங்கில் வெல்வெட் உருளைகளை நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். வெல்வெட் எதிரொலியைக் குடித்துவிடும்.

மூன்று வாரம் முன்பு குழுக் கூட்டத்தில் எலியாஸ் அதைப் பாதி கேட்டார்.

“உள்ளூர்ச் சரக்கு. ஆட்டுத்தோலுக்கும் ஹனுக்காவுக்கும் என்னடா சம்பந்தம்?” அலெக்ரா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். “சரி, பொண்ணு ஆசைப்படுது. வெள்ளிக்கிழமை, மெழுகுவர்த்தி ஏத்தினப்புறம் போடு.”

பொத்தானைத் தொடவே முடியாத நேரம். எல்லாரும் சிரித்தார்கள். அலெக்ராவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து முரசுக்கு உறை போட்டுக் கட்டி, இதை வாங்க யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றாள்.

எங்கள் தெருவில் நாலு பேர் முன்னால் சொன்னது சொன்னதுதான்.

இப்போது எலியாஸ் ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். இரண்டடி தள்ளி, சூடான அடுப்பின் முன் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் மதகுரு ரபி மனசேயைப் பார்த்தார்.

ரபி கண்ணை மூடியபடி சொன்னார். “போடறது தப்பு. அணைக்கறதும் தப்பு. கேக்கறது தப்பில்ல.”

மேசையில் தாளம் போடப் போன விரலை, ஓய்வுநாளில் தாளமும் கூடாது என்ற ஞாபகம் வந்து, மடக்கிக்கொண்டார்.

துணி வெட்டுபவர்களின் குரல்கள் ஏறின. முரசு அவற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. மெர்காதோ மெல்லுவதை நிறுத்தினார். பிரார்த்தனைக்குக்கூட இந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

“யாருப்பா இது? எந்த ஊரு?” என்று கிசுகிசுத்தார் மெர்காதோ.

“பக்கத்துத் தெரு. என் கிடங்கு. என் பொண்ணு,” என்றேன். கிசுகிசுக்கவில்லை.

அலெக்ரா சமையலறை வாசலில், பால்பாகு வைத்துப் பொரித்த உருண்டைத் தட்டோடு நின்றிருந்தாள். இருநூறு தலைகள் இப்போது அவள் பக்கம். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அதைப் பார்க்க எனக்கு மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை.

எலியாஸ் என்னருகே வந்தார். பேரத்தில் தோற்ற வியாபாரி எப்படி வருவானோ அப்படி, எதையோ யோசிப்பதுபோல்.

“அடுத்த வருஷம் அஞ்சாவதா வச்சுக்கலாம்.”

“முதல்ல.”

“ரெண்டாவது. அவ்வளவுதான்டா.”

பாட்டு முடிந்தது. எலியாஸ் பெருமூச்சு விட்டார். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

தும், தும்தும்.

மறுபடி அதே பாட்டு. முதலிலிருந்து.

“இதுவும் மறதியாடா?”

இது நான் செய்ததில்லை. ஒரே ஒரு தடவை ஒலித்து நின்றுவிடும்படிதான் நான் வைத்திருந்தேன்.

விளக்கேற்றுமுன் கடைசியாக ஒலிபெருக்கியருகே நின்ற என் மனைவி யமிலே, மகள் கையிலிருந்த தட்டை நிதானமாக வாங்கி, இருப்பதிலேயே பெரிய உருண்டைகள் இரண்டை எலியாஸ் முன் எடுத்து வைத்தாள்.

“சாப்பிடுங்கண்ணே. நாளைக்கு ராத்திரி வரைக்கும் தெம்பு வேணுமில்ல?”