எதுவும் சொல்லாத எண்

மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வேண்டும். எந்த ஊர்க் கிளையிலிருந்து எந்தக் கணினி கேட்டாலும், அந்த எண்ணுக்கு அதே ஆள்தான் பதிலாக வர வேண்டும். அதை வடிவமைக்க வந்த ஹசீனா, மனிதரிடம் மாறாததைத் தேடினாள். பெயரைக் கல்யாணம் மாற்றிவிடும், ஃபோன் நம்பரைச் சண்டை மாற்றிவிடும். பிறந்த தேதியும் பெற்றவள் பெயரும் ரத்த வகையும் மாறவே மாறாது என்று நம்பி, அவற்றைக் கோத்தே எண்ணைச் செய்தாள்.

சகாயமேரி வரும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டு திரும்பியிருந்தவளைக் கணினி புது ஆள் என்றது. அவளுக்கு ஆகாத மருந்துகள் ஒன்றுகூடத் திரையில் இல்லை. ஊசியோடு வந்த நர்ஸை அவளே தடுத்திருந்தாள்.

"இப்ப எனக்குள்ள ஓடுறது என் தம்பியோட ரத்தம்மா. வகையே மாறிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

ஹசீனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ரத்தமே மாறிய பிறகு, எதிரே உட்கார்ந்து சிரிப்பது எது?

அவளுக்குப் புது எண் போட்டாள். கணினி கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்ட இலக்கங்கள். பெயரோ தேதியோ ரத்தமோ அதில் இல்லை. பழைய பதிவையும் புதுப் பதிவையும் அதன்கீழ் ஒன்றாக இணைத்தாள்.

அந்த எண் அச்சிட்ட அட்டையைச் சகாயமேரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"எங்கயும் இல்லக்கா. அதனாலதான் இது மாறாது."

அவள் எண்ணை மெல்ல வாய்விட்டுப் படிக்க, ஹசீனா ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரையில், இரண்டு ரத்தங்களோடு, ஒரே சகாயமேரி வந்து நின்றாள்.