எட்டு விருந்தாளிகள்

“விருந்தாளி நம்ம கிடங்குல கை வச்சுட்டான், ழான்.”

ஹாலில் குலசேகரன் டெலிபோனில் போட்ட கத்தல் கொல்லைவரை கேட்டது. அங்கே பல் விளக்கிக்கொண்டிருந்த உத்திராபதியின் விரல் பல்லிலேயே நின்றது. மணி அடித்த சத்தம் காதில் விழுந்த நினைவில்லை, தூக்கக் கலக்கமாயிருக்கும்.

குலசேகரன் அவருடைய தங்கை அமுதத்தின் கணவர். பாரீசில் கம்ப்யூட்டர் வேலை; லீவில் காரைக்கால் வந்திருந்தார். ழான் அங்கே அவரோடு வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரர். மாப்பிள்ளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வரிச்சிக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்த உத்திராபதிக்கு இது மூன்றாவது வாரம்.

“மொத்தம் எட்டு விருந்தாளி. மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. இந்த ஒண்ணுதான்.”

தான், மனைவி, ஆறு பிள்ளைகள். உத்திராபதி எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது.

“வேணும்னு செய்யல, பாவம். எல்லாம் தன்னோடதுன்னு நெனச்சிருக்கு. குடுத்த எடத்தைத் தவிர வேற எதுவும் அது கண்ணுல படாம மறைச்சுடு. அப்பவும் அடங்கலைன்னா தூக்கி வெளிய போடு.”

பாரீசு வரைக்கும் மானம் போய்விட்டது. உத்திராபதி வாயைக் கொப்பளித்துவிட்டு ஹாலுக்கு வந்தார். குலசேகரன் அப்போதுதான் ரிசீவரை வைத்தார்.

“மாப்பிள்ளை, நான்தான். கொல்லை ரூம்ல வெள்ளிப் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தீங்களே, பாரீசு சோப்பு. ரெண்டு கட்டியைத் தேச்சுக் குளிச்சுட்டேன்.”

“அது சீஸ், மச்சான். திங்கறது.”

“அதான் நுரையே வரல.”

“அதான் பூனை உங்க பின்னாடியே சுத்துதா?”

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் பேசினது உங்களைப் பத்தி இல்ல, மச்சான். எங்க ஆபீசுல இருக்கறது ஒரே பெரிய கம்ப்யூட்டர். அதுக்குள்ளயே எட்டு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி பிரிச்சு விட்டிருக்கோம். அதுங்களைத்தான் விருந்தாளிம்போம். அதுல ஒண்ணு தெரியாத்தனமா பெரிய கம்ப்யூட்டர் தகவல் வச்சுக்கற சொந்தக் கிடங்குல எழுதிடுச்சு. அந்தக் கிடங்கை அதுங்க கண்ணுல படாம மறைக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.”

உத்திராபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சீஸ் விஷயத்தைத் தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு இலையில் உட்காருவது? மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்.

“என்ன மச்சான் அவசரம், இருங்க” என்று குலசேகரன் தடுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் பைகளை எல்லாம் தானே சுமந்துபோய் வாசலில் வைத்தார். ரிக்‌ஷாவையும் அவரே கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லையே, தங்கமான மனுஷன் என்று உத்திராபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

ரிக்‌ஷா கிளம்பும்போது அமுதம் ஓடி வந்தாள்.

“அண்ணே, போற வழியில டெலிபோன் ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நாலு நாளா நம்ம போன் செத்துக் கெடக்கு.”