முப்பத்தெட்டாவது வரி

சாதிக் பாட்ஷா கூப்பிட்டதுமே தேவசுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. போச்சு, இன்றோடு வேலை போச்சு!

ஷார்ஜா தொழில்பேட்டையில் அவர்களுடையது பெயர்ப்பலகைப் பட்டறை. சாதிக் பாட்ஷா சூப்பர்வைசர். பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுவது தேவசுந்தரம். பதினோரு வருடத்தில் ஒரு புள்ளி பிசகியதில்லை.

பிசகினாலும் இப்படியா பிசக வேண்டும்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். நூறு வருடத்துக்கு முன் அங்கே நிலக்கரிச் சுரங்கம் இடிந்து முப்பத்தெட்டுப் பேர் செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நினைவுத் தகடு கேட்டிருந்தார்கள்.

கடைசி வரியில் எழுத்து கொள்ளுமா என்று பார்க்க, எப்போதும்போலத் தன் பெயரையே கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தான். அழிக்க மறந்து தொலைத்தான்.

தகடு கப்பலேறி மூன்று மாதம் ஆகிறது. நேற்றுத்தான் பழைய ஃபைலைத் திறந்து அரண்டுபோனான். அந்த வரியில் எந்தப் புண்ணியவானின் பெயர் இருந்ததோ, அதை அழித்த பாவமும் தன் தலையில்.

"அமெரிக்காக்காரன் வீடியோ அனுப்பிருக்கான் தேவா. திட்டுறானா வாழ்த்துறானான்னே தெரியல. நீயே பாரு," என்றார் சாதிக் பாட்ஷா.

வீடியோவில் ஊரே மழையில் நின்றது. ஒரு பெண் பெயர்களை வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை சர்ச் மணி அடித்தது.

கடைசியில் அவள் திக்கித் திணறித் ‘தேவசுந்தரம்’ என்றாள். மணி அடித்தது.

தனக்கே சாவுமணி! சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டான். அங்கே ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒன்றும் புரியவில்லை அவனுக்கு.

வீடியோவோடு வந்த மெயிலை இரண்டு தடவை படித்தான்.

அவர்கள் தந்த பட்டியலில் கடைசி வரி, ‘பெயர் தெரியாத கூலியாள்.’ வேலைக்குச் சேர்ந்த அன்றே, பதிவேட்டில் ஏறும் முன்பே, உள்ளே இறங்கியவனாம்.

தகட்டில் இருப்பது பிழை என்று ஊருக்குத் தெரியும். ஆனாலும் கழற்ற மனம் வரவில்லையாம். அந்தப் பெயருக்கு உரியவர் யாரோ, அவர் சம்மதித்தால் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் புதுத் தகடு வேண்டும்.

புதுத் தகடு என்றால் வேலை போய்விடும். சம்மதித்தால், உயிரோடு இருக்கும்போதே செத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டும். பெண்டாட்டி கேட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள்.

சாதிக் பாட்ஷா கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தார்.

"இருக்கட்டும்னு போடுங்க பாய்," என்றான் தேவசுந்தரம். "பேரு தெரியாம அந்த ஆளு வீட்டுக்குச் சேதியே போயிருக்காதுல்லா?"