நான் அமுக்காத வெளிச்சம்

வயர் இருந்தவரைக்கும் ஸ்டுடியோவின் பிளாஷ் விளக்கு என் சொல் கேட்டது. வயரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வயரில்லாமல் காற்றிலேயே வேலை செய்யும் டிரிகரைக் கேமராவில் ஒன்றும் குடைவிளக்கில் ஒன்றுமாக மாட்டினேன். இன்று காலையிலிருந்து நான் பொத்தானை அமுக்காமலே விளக்கு அடிக்கிறது.

ஜெபமேரி கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்திருந்தாள். ஒரு மணிக்குப் பாஸ்போர்ட் ஆபீசில் இருக்க வேண்டும். தவறினால் பாஸ்போர்ட் தள்ளிப்போய், அவள் புருசன் அடுத்த மாசம் தனியாகத்தான் சவூதிக்குத் திரும்புவான்.

குழந்தை கண்ணைத் திறக்கும். நான் அமுக்குவதற்குள் விளக்கு முந்திக்கொண்டு அடிக்கும். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு வீறிடும்.

"அண்ணாச்சி, லைட்டுக்குப் பேய் புடிச்சிருக்கா?"

"பேயாவது மண்ணாவது. வித்தவன் திருட்டுப்பய."

ஆத்திரத்தில் பொத்தானை நாலு தடவை அமுக்கினேன். மாடியில் என் தம்பி சின்னமாயனின் ஸ்டுடியோவிலிருந்து சத்தம் கேட்டது. "எவம்ல என் லைட்ட அடிக்கது?"

விளங்கிவிட்டது. அவனும் இதே டிரிகரை வாங்கி, வந்தபடி ஒன்றாம் நம்பரிலேயே விட்டிருக்கிறான். என்னுடையதும் அதே நம்பர்; அவன் அமுக்கினால் என் விளக்கும், நான் அமுக்கினால் அவன் விளக்கும் அடிக்கும். என்னுடையதை மாற்றலாம் என்றால், எவனும் கை வைக்கக் கூடாதென்று நம்பர் திருகை நானே பசை ஊற்றி ஒட்டிவிட்டேன். இனி அவன்தான் மாற்ற வேண்டும். வீட்டைப் பிரித்ததிலிருந்து பன்னிரண்டு வருசமாக எங்களுக்குள் பேச்சில்லை.

"மணி பன்னெண்டே கால் அண்ணாச்சி," என்றாள் ஜெபமேரி.

மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் விளக்கு மறுபடியும் அடித்தது.

"ஏலே மாயா."

மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.