கட்டிலுக்கு அடியில்

"அப்பாவை மனுஷனாப் பார்க்குறீங்களா, இல்ல பரண்னு நினைச்சிட்டீங்களா?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள் பாப்பா. நாற்பதைத் தாண்டிய பிறகும் பிறந்த வீட்டுக்கு அவள் பாப்பாதான்.

"முதல்ல உள்ள வா," என்றாள் அண்ணி.

அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்ற சேதி அண்ணனிடமிருந்து வரவில்லை. அண்ணனுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் அம்மாள் காலையில் கடையில் பார்த்துச் சொன்னது. "கட்டிலை அவ்வளவு உசரத்துக்குத் தூக்கி வச்சா வயசானவர் என்னம்மா பண்ணுவார்?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனாள். அது போதாதா? பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமையல்கூட ஓடவில்லை. அப்படியே கிளம்பிவிட்டாள்.

நேராக அப்பாவின் அறைக்குள் போனாள்.

கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் நான்கு பெரிய மரக்கட்டைகள். கால் நழுவாமலிருக்க ஒவ்வொன்றிலும் குழி வெட்டி, அதில் கட்டில் காலை இறக்கியிருந்தார்கள். போன தடவை அவள் வந்தபோது முழங்கால் உயரத்தில் இருந்த கட்டில் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. கீழே இண்டு இடுக்கு இல்லாமல் அட்டைப் பெட்டிகள். கண்ணுக்குத் தெரியக் கூடாதென்று ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள்.

மேலே அப்பா, கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கட்டு. ஒரு காலத்தில் ஆறு மாடிச் சாரத்தில் நின்று கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். இப்போது படுக்கையில் ஏற அவருக்கு ஒரு முக்காலி.

"வா பாப்பா, வா!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நான் விழலம்மா. சறுக்கிட்டேன். பெயிண்டர் பாஷையில ரெண்டும் வேற வேற."

பாப்பா சிரிக்கவில்லை.

"உங்க குப்பையை அடைச்சு வைக்க இவர் கட்டில்தான் கிடைச்சுதா அண்ணி? இடுப்பு ஒடிஞ்சிருந்தா யார் பதில் சொல்றது?"

வாசற்படியில் நின்ற அண்ணன்தான் மெதுவாகச் சொன்னான். "இருக்கறது ரெண்டு ரூம் பாப்பா. பசங்க கால் நீட்டிப் படுக்கவே..."

"இடம் பத்தலைன்னா சாமானைத் தூக்கிப் போடணும். பெத்தவர் காலை ஒடைக்கக் கூடாது."

"சரி, அப்போ ஒண்ணு செய். வலி குறையற வரைக்கும் அப்பாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

பாப்பா இதை எதிர்பார்க்கவில்லை.

"எங்க வீட்ல எங்கண்ணா இடம்? மேல் ரூம் அவருக்கு ஆபீஸ். கீழ இருக்கறதுல பொண்ணு படிக்கிறா. இன்னொண்ணு, யாராவது விருந்தாளி வந்தா..."

பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஆயிரம் வேலைடா. சும்மா இரு," என்று அப்பாவே அவளைக் காப்பாற்றினார். ஆனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெட்கம் வந்தால் அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது சுலபம். பாப்பா குனிந்து போர்வையை விலக்கினாள். முன்னால் இருந்த பெட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"பாப்பா, விடும்மா அதை!"

அப்பா இத்தனை சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அதற்குள் மக்கிப்போன அட்டை பிய்ந்துவிட்டது.

சக்கரம் கழன்ற நடைவண்டி ஒன்று தரையில் சரிந்தது. அதன் பின்னால் தையல் பிரிந்த குழந்தைச் சட்டைகள். அவளுடைய காலேஜ் புத்தகங்கள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, உறைகூடப் பிரிக்காத தட்டுகள்.

பாப்பா அடுத்த பெட்டியைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள்.

எல்லாமே அவளுடையவை. புது வீட்டுக்குப் போனபோது, "ரெண்டு மாசம் இங்க இருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்" என்று இறக்கிவிட்டுப் போனவை. அப்போதுதான் அவள் மகள் நடக்கப் பழகியிருந்தாள். இன்றைக்கு அந்தப் பெண் அம்மாவைவிட உயரம்.

பாப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அண்ணி... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இதெல்லாம் பால்கனியிலதான் இருந்துச்சு. மழையில நனையுதேன்னு, வண்டி பிடிச்சு உன் வீட்டுக்கே அனுப்பிடலாம்னு உங்கண்ணன் சொன்னார். மாமா ஒத்துக்கல. தச்சரைக் கூப்பிட்டுக் கட்டைக்கு அளவு சொன்னதே அவர்தான். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார்."

அண்ணியின் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பாப்பாவுக்குத் தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்பவே வண்டிக்குச் சொல்றேன்ப்பா. மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிடறேன். சாயங்காலத்துக்குள்ள கட்டிலை இறக்கிடலாம்."

தவறைச் சரிசெய்துவிட்ட நிம்மதியோடு போனை எடுத்தாள். அப்பா சட்டென்று எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாரக் கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"வேண்டாம் பாப்பா. இதையும் எடுத்துட்டுப் போயிட்டா, அப்புறம் நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு வேற என்னம்மா இருக்கு?"