மூன்றாம் மாடிக்குக் கீழே

சவரிமுத்துவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் மத்தியானம் அவருடைய போன் அடித்தது. இருபத்தாறு வருடம் லிப்ட் மெக்கானிக்காக உழைத்த மனிதர். மனைவி ரெஜினா எடுத்தாள். ஒரு பெண்ணின் குரல் பதறியது.

"சார், லிப்ட்ல மாட்டிக்கிட்டேன்! மூணாவது மாடிக்குக் கீழ நின்னுடுச்சு. கைல கொழந்த இருக்கு சார்!"

அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல ரெஜினாவுக்கு நா எழவில்லை. கட்டடத்தின் பெயரைக் கேட்டு மகளிடம் சொன்னாள். மகள் தன் போனில் அவருடைய கூட்டாளி டேவிட்டை அழைத்தாள். வந்து சேர இருபது நிமிடம் ஆகுமாம்.

"கதவு லேசா தெறக்குதும்மா. கீழ குதிச்சிடவா?"

பாதிச் சோற்றில் எழுந்து, முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் சவரிமுத்து பொறுமையாகப் பேசுவார். அந்தப் பேச்சே இப்போது ரெஜினாவின் வாயில் வந்தது.

"வேணாம்மா, கதவத் தொடாத. லிப்ட் விழாது, காத்தும் உள்ள வரும். அப்படியே தரையில உக்காரு. புள்ள பேரென்ன?"

"நறுமுகை."

"காலைல என்ன சாப்பிட்டா நறுமுகை?"

குழந்தையின் அழுகை ஏறி இறங்கியது. ரெஜினா பேச்சை விடவில்லை. கடைசியில் இரும்பு உரசும் சத்தமும், பிறகு டேவிட்டின் குரலும் கேட்டன.

"ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க அண்ணி. உள்ள இன்னும் அண்ணன் நம்பர்தான் ஒட்டியிருக்கு. கிழிச்சிட்டு என்னோடத ஒட்டிடவா?"

"சரின்னு சொல்லும்மா," என்றாள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மகள்.

"உன்னோடத அதுக்குக் கீழ ஒட்டுப்பா. அவருத கிழிக்காத," என்ற ரெஜினா, போனைச் சார்ஜில் போட்டாள்.