பம்பளிமாஸ் மரத்தின் வாக்குமூலம்

"இன்னிக்கும் மீன் குடலைக் காணோம்!"

ஹுவே சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். சுத்தமாகக் காலி.

மாமனார் கியெத் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பூனை தின்னிருக்கும்."

"தின்னுட்டு, சட்டியை மூடியும் வெச்சுட்டுப் போகுமா மாமா?"

"நல்ல வளர்ப்புப் பூனை."

ஹுவேக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் மருந்தடிப்பதை நிறுத்தி, கூட்டுறவுச் சங்க வகுப்பில் சொன்னபடி முசுறு எறும்புக் கூடுகளை மரத்துக்கு மரம் அவள் கட்டிய நாளிலிருந்தே இந்தச் சண்டைதான். பூச்சியை முசுறு பார்த்துக்கொள்ளும். முசுறுக்குத் தீனி மீன் குடல். அதை ஆற்றில் வீசி, எறும்பைப் பட்டினி போட்டே விரட்டப் பார்க்கிறார் மனுஷன்!

"கால்வாயோர மரம் இந்த வருஷமும் காய்க்கலை," என்றார் கியெத். "இன்னிக்கு மிரட்டிப் பார்ப்போம். அதுக்கும் மசியலைன்னா உன் எறும்பு வெளியே, என் மருந்து மெஷின் உள்ளே."

ஐந்தாம் மாசம் ஐந்தாம் நாள். ஊர் வழக்கப்படி, உச்சி வெயிலில் காய்க்காத மரத்தை மிரட்டுகிற நாள். ஒருத்தர் அரிவாளோடு கீழே நின்று கேட்க, இன்னொருத்தர் மேலே ஏறி மரமாகப் பதில் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அரிவாள் கியெத் கையில்தான் இருக்கும்.

இந்த வருஷம் அதை மருமகளிடம் நீட்டினார். "நீ மிரட்டு. நான் ஏறறேன்."

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து லியெவ் அத்தை ஹுவேயின் காதைக் கடித்தாள். "கூட்டைப் பிச்செறியத்தான்டி ஏறறான். விடாதே!"

அதற்குள் கிழவர் உச்சிக்கிளைக்குப் போய்விட்டார். இலைகளுக்கு நடுவே ஆளே தெரியவில்லை.

ஹுவே அரிவாளின் பின்புறத்தால் மரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏய் சோம்பேறி! தின்னத் தெரியுது, காய்க்கத் தெரியலையா?"

மேலே இலை சலசலத்தது. "யாரைச் சொல்றே?"

"மரத்தைத்தான் மாமா!"

"அப்ப சரி." குரல் கரகரப்பாக மாறியது. "ஐயோ, வெட்டாதே தாயே! என் மேல தப்பில்லை. எல்லாம் அந்தக் கிழவன் பண்ணினது."

"எந்தக் கிழவன்?"

"உன் மாமனார்தான். வாய் காது வரைக்கும் இருக்கு, காதுதான் கேட்காது. அவன் அப்பன் காலத்துல என் மேல முசுறு ஊரும், கிளை தாங்காம காய்ப்பேன். மருந்து மெஷின் வந்ததும் அத்தனை கூட்டையும் கொளுத்தினான் பாவி! எறும்பு செத்துது, தேனீ செத்துது. நான் மட்டும் எப்படிக் காய்ப்பேன்?"

லியெவ் அத்தை சிரித்ததில் வெற்றிலை புரையேறிவிட்டது.

நேருக்கு நேர் ஒரு நாளும் "தப்பு" என்று வாய் திறந்து சொல்லாத மனுஷன்! ஹுவே அரிவாளைத் தாழ்த்தினாள்.

"இப்ப என்ன செஞ்சா காய்ப்பே?"

"மெஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடு. அடுத்த வருஷம் பார், கிளைக்கு முட்டு... ஆ! அம்மா! கடிக்குது, கடிக்குது!"

"மரத்துக்கு வலிக்குமா?" என்று கத்தினாள் லியெவ் அத்தை.

"இந்த மரத்துக்கு வலிக்கும்!"

ஹுவே சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். காற்றில் ஒரு நொடி கிளை விலகியது. எறும்புக் கூட்டுக்குப் பக்கத்தில், வாழை நாரில் கட்டின ஏதோ ஒன்று தொங்கியது. அதை முசுறுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"கடைசியா ஒரு கேள்வி, மரமே. என் மீன் குடலைத் திருடினது யாரு?"

மேலே எறும்பைத் தட்டிவிடுகிற சத்தம் கேட்டது.

"அதை மட்டும் கேட்காதே தாயே. விடியறதுக்கு முன்னால ஏறி வந்து என் எறும்புக்குச் சோறு போடற மனுஷனைக் காட்டிக் கொடுக்க, நான் என்ன நன்றி கெட்ட மரமா?"